பாதிரியாரும் பன்றியின் மூத்திரப்பையும்

பிரெஞ்சுப் பாதிரியார் ழான் அந்துவான் நொலேவுக்கு ஜெபத்தைவிட மின்சாரத்தில் ஈடுபாடு அதிகம். 1746-ல் பதினைந்தாம் லூயி மன்னர் முன்னிலையில் காவல் வீரர்கள் 180 பேரைக் கைகோத்து நிறுத்தி, மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் லெய்டன் ஜாடியிலிருந்து அதைப் பாய்ச்சினார். 180 பேரும் ஒரே நொடியில் துள்ளினார்கள். மன்னருக்கு ஏகக் குஷி. அந்த உற்சாகத்தில் நொலே அடுத்துப் பிடித்தது பாரிஸின் கார்த்தூசியன் மடத்தை. பேசா நோன்பு காக்கும் துறவிகளை இரும்புக் கம்பியால் ஒருவரோடொருவர் இணைத்து, நெடுவரிசையில் நிற்கவைத்து, அதே வைத்தியத்தை அவர்களுக்கும் செய்தார். அன்றைக்கு நோன்பு கலைந்திருக்கத்தான் வேண்டும்.

தவளை எப்படி இனம் பெருக்குகிறது என்று கண்டுபிடிக்க, ரியோமர் என்ற மேதை ஆண் தவளைகளுக்கு நிஜார் மாட்டிவிட்ட மகத்தான ஆராய்ச்சியிலும் நொலேவுக்குப் பங்கு உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளினின் மின்சாரக் கட்டுரைகள் பாரிஸுக்கு வந்தபோது, அமெரிக்காவில் இப்படியெல்லாம் யோசிக்க ஆள் கிடையாது, இது உள்ளூர் எதிரிகள் தனக்கு எதிராகக் கிளப்பிவிட்ட சரக்கு என்று சாதித்தவரும் இவரே. பிராங்க்ளின் இதைத் தன் சுயசரிதையில் எழுதிவைத்திருக்கிறார். தான் உண்மையிலேயே இருப்பதை ஒரு பாதிரியாருக்கு நிரூபிக்க வேண்டிய நிலைமை எல்லோருக்கும் வாய்க்காது.

இப்பேர்ப்பட்டவர் 1748-ல் திரவங்கள் ஏன் கொதித்துக் குமிழியிடுகின்றன என்று ஆராயக் கிளம்பினார். திரவத்துக்குள் ஒளிந்திருக்கும் காற்றுதான் காரணமோ என்று சந்தேகம். ஆகவே ஒரு கண்ணாடிக் குப்பியில் ஒயினிலிருந்து காய்ச்சிய சாராயத்தை நிரப்பி, காற்று புகாதபடி வாயை ஒரு மூத்திரப்பையால் இறுக்கிக் கட்டினார். அந்தக் காலத்தில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் கிடையாது. காற்றுப் புகாமல் கட்ட வேண்டுமா, கசாப்புக் கடைக்குப் போய்ப் பன்றியிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கட்டியதோடு நிற்காமல், இன்னும் பத்திரமாக இருக்கட்டும் என்று குப்பியைத் தண்ணீருக்குள் முக்கி வைத்தார்.

ஐந்தாறு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பை புடைத்துக்கொண்டு நிற்கிறது. வைத்ததைவிட உள்ளே சரக்கு கூடியிருக்கிறது. சாராயம் குறைந்தால் வேலைக்காரனைச் சந்தேகப்படலாம். கூடினால் யாரைச் சந்தேகப்படுவது? ஊசியால் ஒரு குத்துக் குத்தினார். ஓரடிக்கு மேல் பீய்ச்சி அடித்தது.

இந்த இடத்தில் பாதிரியாரை மெச்சத்தான் வேண்டும். உடனே அவர் குப்பியில் தண்ணீரை ஊற்றி, வெளியே சாராயத்தை வைத்துத் திருப்பிச் செய்து பார்த்தார். இப்போது பை உள்நோக்கிக் குழிந்தது. ஆக, இந்தப் பை தண்ணீரைத் தாராளமாக விடுகிறது, சாராயத்தை விடத் தயங்குகிறது என்று சரியாகவே எழுதினார். எழுதிவிட்டு? மின்சாரத்துக்கே திரும்பிப் போய்விட்டார். கொதிப்பைப் பற்றிய ஒரு நீளக் கட்டுரையின் நடுவில், சவ்வு வழியே தண்ணீர் தானாக நகரும் இந்தச் சவ்வூடு பரவல் 78 வருஷம் தூங்கியது.

அதை எழுப்பியவர் ஆன்ரி டுட்ரோஷே. 1776-ல் பிரெஞ்சுப் பிரபு குடும்பத்தில், வளைந்த பாதத்தோடு பிறந்தார். படித்த மருத்துவர்கள் பார்த்துக் கைவிட்ட காலை நாட்டு வைத்தியர் ஒருவர் நேராக்கினார். அந்த வைத்தியரின் இன்னொரு தொழில், மரண தண்டனையை நிறைவேற்றுவது. எலும்பு மூட்டு எங்கே இருக்கிறது என்று அவரைவிட நன்றாக யாருக்குத் தெரியும்! பிறகு பிரெஞ்சுப் புரட்சி வந்து குடும்பச் சொத்தைக் கொண்டுபோயிற்று. டுட்ரோஷே மருத்துவம் படித்து, ராணுவ டாக்டராக ஸ்பெயின் போய், அங்கே காய்ச்சலில் விழுந்து, பிழைத்து வந்து, போதுமடா சாமி என்று அம்மாவோடு கிராமத்தில் உட்கார்ந்துவிட்டார். செடி, நத்தை, கோழி முட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஆராய்வது இனி அவர் வேலை.

கோழிக் குடலின் ஒரு துண்டில் பால் போன்ற கெட்டியான திரவத்தை நிரப்பி, முனையைக் கட்டித் தண்ணீரில் போட்டார். குடல் வீங்கியது. தண்ணீர் தானாக உள்ளே ஏறுகிறது! அடிப்பக்கம் சவ்வு கட்டிய ஒரு பாத்திரத்தின் மேல் நீளமான கண்ணாடிக் குழாயைச் செருகி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளக்க ஒரு கருவியும் செய்தார். உள்ளே சர்க்கரைப் பாகு கெட்டியாக ஆக, குழாயில் ஏற்றம் வேகமாகிறது. நீர்த்த பக்கத்திலிருந்து செறிந்த பக்கத்துக்குத் தண்ணீர் போகும், செறிவு வித்தியாசம் கூடினால் போக்கும் கூடும். இன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரும் விதியின் முக்கால்வாசி இதுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால் மனிதர் தப்பித்திருப்பார். 1826-ல் அவர் போட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே, உயிரை இயக்கும் சக்தியைத் திரைவிலக்கிக் காட்டிவிட்டதாக அறிவித்தார். அந்தச் சக்தி என்னவாம்? மின்சாரம். அந்தக் காலத்தில் புரியாத எதற்கும் மின்சாரம்தான் காரணம். தொண்ணூறுகளில் நம்மூரில் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் காரணமாக இருந்ததைப் போல. கணித மேதை புவாசோன் வந்து, மின்சாரமும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, நுண்குழாய்களில் திரவம் ஏறும் அதே சங்கதிதான் இது என்று சமன்பாடு போட்டார். அதுவும் தப்பு. ஆனால் சமன்பாடோடு தப்பு செய்பவரை யாரும் கிண்டல் செய்வதில்லை.

இதற்கெல்லாம் நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பாவின் மீனவர்கள் மீனின் மேல் உப்பைக் கொட்டி, மீனுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மீனைக் கெடுக்க வந்த கிருமியிடமிருந்தும் அதே உப்பு தண்ணீரைப் பிடுங்கிக்கொள்ளும், கிருமி சுருண்டுவிடும். ஆம்ஸ்டர்டாம் நகரமே ஹெர்ரிங் மீன் முள்ளின் மேல் எழும்பியது என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். கருவாடு தின்பவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. விஞ்ஞானிக்குத்தான் பிரச்சினை, அவருக்கு எவ்வளவு உப்புக்கு எவ்வளவு இழுப்பு என்று எண்ணில் சொல்லியாக வேண்டும்.

எண் கிடைக்காததற்குக் காரணம் பன்றிதான். அதன் மூத்திரப்பை தண்ணீரை விடும். கொஞ்சம் பொறுத்தால் உப்பையும் சர்க்கரையையும்கூட விட்டுவிடும். காவலாளியே லஞ்சம் வாங்குகிற இடத்தில் கணக்கு எப்படி நிற்கும்? ஒருத்தர் அளந்ததை இன்னொருத்தர் அளந்தால் வேறு எண் வந்தது. தண்ணீரை மட்டும் விட்டு, கரைந்ததைக் கண்டிப்பாகத் தடுக்கிற ஒரு சவ்வு வேண்டும்.

அதைச் செய்து கொடுத்தவர் பேராசிரியர் அல்ல, ஒயின் வியாபாரி. மோரிட்ஸ் ட்ரௌபே பெர்லினில் வேதியியல் முனைவர் பட்டம் வாங்கியவர். ஆனாலும் குடும்பத்து ஒயின் மண்டியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று வீட்டில் இழுத்து உட்காரவைத்துவிட்டார்கள். பகலில் பீப்பாய்க் கணக்கு, மிச்ச நேரத்தில் சொந்த ஆய்வுக்கூடம் என்று வண்டி ஓடியது. 1860களில் அவர் தாமிர சல்பேட் துளியைப் பொட்டாசியம் பெர்ரோசயனைடு கரைசலில் விட்டார். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் படிந்தது. தோல் தண்ணீரை உள்ளே வாங்கி வீங்கியது, கிழிந்தது, கிழிந்த இடத்தில் புதுத் தோல் தானே மூடியது, மறுபடி வீங்கியது. பார்க்கப் பார்க்கத் துளி வளர்கிறது! செயற்கை உயிரணுவே வந்துவிட்டது என்று ஐரோப்பா பரபரத்தது. கார்ல் மார்க்ஸும் எங்கெல்ஸும்கூட இதை விட்டுவைக்கவில்லை, எழுதியிருக்கிறார்கள். மூலதனத்துக்கு நடுவில் ஒயின் வியாபாரியின் வீங்கும் துளிக்கும் நேரம் ஒதுக்கினார்கள் என்றால் பாருங்கள்.

ட்ரௌபேயின் தோலில் ஒரே குறை. ஊதினால் கிழியும். வில்ஹெல்ம் ஃபெஃபர் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதற்கு ஒரு வழி செய்தார். மண்பாண்டத்தின் நுண்துளைகளுக்குள்ளேயே அந்தத் தோலைப் படியவைத்துவிட்டால் பானை தாங்கிக்கொள்ளும் அல்லவா? யோசனை சுலபம். செய்வது பிராணாவஸ்தை. துளை அடைபடாமல், ஓட்டை விழாமல் ஒழுங்காக அமைகிற பானை அபூர்வம். அமைந்த பானைக்குள் சர்க்கரைக் கரைசலை ஊற்றி, மேலே பாதரச அழுத்தமானியைப் பொருத்தி, தண்ணீரில் நிறுத்தினார். 1877-ல் எண்கள் வெளிவந்தன. ஒரு சதவீதச் சர்க்கரைக்கு 53.5 சென்டிமீட்டர் பாதரசம். இரண்டு சதவீதத்துக்கு 101.6. நான்குக்கு 208.2. ஆறுக்கு 307.5.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பத்தடி உயரப் பாதரசத் தூண்! நாலு வளிமண்டல அழுத்தம்! காப்பிக்குப் போடுகிற அளவு சர்க்கரை கரைந்திருக்கிறது, அவ்வளவே. அதைத் தேடிவரும் தண்ணீர் நாற்பது மீட்டர் உயரத்துக்கு, பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி வரை, மோட்டார் இல்லாமல் ஏறிவிடும். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு இந்தச் செய்தி ஏன் இன்னும் எட்டவில்லை என்று தெரியவில்லை. (எட்டினாலும் பயனில்லை. ஏறிய பிறகு அது சர்க்கரைத் தண்ணீர்.)

ஃபெஃபருக்கு எண்கள் கிடைத்தன, அர்த்தம் கிடைக்கவில்லை. அர்த்தம் ஆம்ஸ்டர்டாமில் நடுத்தெருவில் கிடைத்தது. ஹியூகோ டி விரீஸ் என்ற தாவரவியலாளர் மனைவியோடு நடந்துகொண்டிருந்தார். எதிரே வேதியியலாளர் வான்ட் ஹாஃப், தண்ணீர் மூலக்கூறுகளை உப்பு எவ்வளவு வலுவாக இழுக்கிறது என்ற கேள்வியை மண்டையில் சுமந்தபடி ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறார். டி விரீஸும் அப்போது இலைகளை உப்புக் கரைசலில் போட்டு, உயிரணுவின் சவ்வு சுருங்கி செல்சுவரை விட்டு விலகுவதை எண்ணிக்கொண்டிருந்தவர். ஃபெஃபரின் பானைக் கணக்கை அவர் அங்கேயே எடுத்துச் சொன்னார். திருமதி டி விரீஸ் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருந்தது என்பதை விஞ்ஞான வரலாறு கண்டுகொள்ளவே இல்லை.

வான்ட் ஹாஃப் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டார். ஒரு சதவீதச் சர்க்கரையில் எத்தனை மூலக்கூறு உண்டோ அத்தனை மூலக்கூறு வாயுவை அதே இடத்தில் அடைத்தால் என்ன அழுத்தம் வரும்? கிட்டத்தட்ட ஃபெஃபரின் அதே எண் வந்தது. பலூனுக்குள் காற்று முட்டுகிற அதே சூத்திரம் சர்க்கரைத் தண்ணீருக்கும் பொருந்துகிறது! என்ன கரைந்திருக்கிறது என்று தண்ணீர் கேட்பதில்லை, எத்தனை துகள் என்று மட்டும் கேட்கிறது. சவ்வின் இரு பக்கமும் தண்ணீர் மூலக்கூறுகள் போய்வந்தபடிதான் இருக்கின்றன. கரைந்த துகள் உள்ள பக்கத்தில் தண்ணீருக்கு வெளியேறும் துடிப்பு குறைகிறது. சுத்தத் தண்ணீர்ப் பக்கத்தில் அது குறையவில்லை. போவதற்கும் வருவதற்கும் உள்ள அந்த வித்தியாசம்தான் பாதிரியாரின் பையைப் புடைக்க வைத்தது.

எல்லாம் சரி, உப்பு மட்டும் அடங்கவில்லை. சர்க்கரைக்கும் யூரியாவுக்கும் பிசகாமல் பொருந்திய சூத்திரம், சாதாரணச் சமையல் உப்பிடம் வந்ததும் பல்லைக் காட்டியது. கணக்குப்படி வர வேண்டிய அழுத்தத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கால்சியம் குளோரைடா, மூன்று மடங்குக்குப் பக்கத்தில். டி விரீஸின் இலைகளும் இதையே சொல்லின. வான்ட் ஹாஃப் நேர்மையானவர், ஆனால் நடைமுறையும் தெரிந்தவர். சமன்பாட்டில் சிறிய ஐ என்று ஒரு எழுத்தைச் செருகி, உப்புக்கு இதன் மதிப்பு கிட்டத்தட்ட 2 என்று எழுதி அனுப்பிவிட்டார். ஏன் 2? அது அந்த எழுத்துக்கே வெளிச்சம்.

பதில் சுவீடனில் ஏற்கெனவே எழுதப்பட்டு, திட்டும் வாங்கியிருந்தது. ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884-ல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடு உப்புக் கரைசலில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்பது பற்றியது. தன்னிடம் புதுக் கோட்பாடு இருக்கிறது என்று பேராசிரியர் கிளீவிடம் சொல்லப் போனார். கிளீவ், ரொம்ப சுவாரசியம் என்று சொல்லி அத்தோடு விடைகொடுத்து அனுப்பிவிட்டாராம். ஆய்வேட்டுக்குக் கிடைத்த தரம், இனி இந்த ஊரில் வாத்தியார் வேலை கிடைக்காது என்று சொல்லாமல் சொல்கிற தரம்.

அவர் பிரதியைத் தபாலில் நாலு பெரியவர்களுக்கு அனுப்பியதுதான் புண்ணியம். ரிகாவில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டுக்கு ஒரே நாளில் மூன்று வந்து சேர்ந்தன. பல்வலி, பெண் குழந்தை, அர்ரீனியஸின் ஆய்வேடு. மூன்றிலும் அதிகம் தூக்கத்தைக் கெடுத்தது எது என்று கேட்டால் கட்டுரைதான் என்பார். தானே கிளம்பி உப்சாலா வந்து, இந்தப் பையனை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டார். தங்கள் ஊரில் இப்படி ஒரு மாணவன் இருப்பது அதற்குப் பிறகுதான் உப்சாலாவுக்கு நினைவு வந்தது.

1887-ல் வான்ட் ஹாஃபின் கட்டுரையைப் படித்த அர்ரீனியஸுக்கு அந்த 2 ஏன் என்று பளிச்சென்று தெரிந்தது. உப்பு தண்ணீரில் விழுந்ததும் உடைகிறது! சோடியம் தனியாக, குளோரின் தனியாக. ஒன்று இரண்டாகிறது. தண்ணீர் துகளைத்தான் எண்ணுகிறது, எண்ணினால் 2. கால்சியம் குளோரைடு மூன்றாக உடைகிறது, எண்ணினால் 3. மின்சாரம் பாய்வதும் அயனி எனப்படும் இந்தத் துண்டுகளால்தான்.

பெரியவர்கள் கொதித்தார்கள். சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். குளோரின் விஷவாயு. இரண்டும் தனித்தனியாக உப்புத் தண்ணீரில் திரிகின்றன என்றால், சூப் குடிக்கிறவன் கதி என்ன? லண்டனில் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் பல வருஷம் இதைக் கிண்டலடித்தே கழித்தார். மின்னூட்டம் ஏறிய துகளும் ஏறாத துகளும் வேறு வேறு சுபாவம் கொண்டவை என்ற பதிலை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதில் உச்சகட்ட வேடிக்கை ஆஸ்ட்வால்டுதான். அயனிகளுக்காக ஊர் ஊராகச் சண்டை போட்ட அந்த மகான் அணுக்கள் இருப்பதை நம்பவில்லை. அணு இல்லை, ஆனால் அதன் மின்னேறிய துண்டு உண்டு! 1908 வாக்கில்தான் மனசு மாறினார்.

வான்ட் ஹாஃபும் வசவுக்குப் புதியவர் அல்ல. அவர் இளைஞராக உட்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்த்தபோது, ஹெர்மன் கோல்பே என்ற கிழச்சிங்கம் அவருடைய வேறொரு கோட்பாட்டைப் பிய்த்து எறிந்தது. கால்நடைப் பள்ளியில் கடன் வாங்கிய றெக்கைக் குதிரை மேல் ஏறிப் பறக்கிறார் என்கிற ரீதியில் அச்சிலேயே நக்கல். 1901-ல் வேதியியலுக்கு முதன்முதலாக நோபல் பரிசு கொடுத்தபோது அது அந்தக் கால்நடைப் பள்ளிக்காரருக்குத்தான் போயிற்று. காரணத்தில் சவ்வூடு அழுத்தமும் உண்டு. கோல்பே 1884-லேயே போய்ச்சேர்ந்துவிட்டதால் அந்தக் காட்சியைக் காணக் கொடுத்துவைக்கவில்லை. 1903-ல் அர்ரீனியஸ், 1909-ல் ஆஸ்ட்வால்ட். பன்றியை மட்டும் யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

இதற்குள் ஹாம்பர்கர் என்ற டச்சுக்காரர் டி விரீஸின் இலை வேலையை ரத்தத்தில் செய்து பார்த்துவிட்டார். சுத்தத் தண்ணீரில் போட்ட சிவப்பணு வீங்கி வெடித்தது, கெட்டி உப்பில் போட்டது சுருங்கியது. இரண்டுக்கும் நடுவில் 0.9 சதவீத உப்பில் அது சும்மா இருந்தது. ஆஸ்பத்திரியில் தலைக்கு மேல் தொங்குகிற சலைன் பாட்டிலில் உள்ள எண் அதுதான். பக்கத்துக் கட்டிலில் குளுக்கோஸ் ஏற்றுகிறார்களே, அதில் 5 சதவீதம். லிட்டருக்கு உப்பு 9 கிராம், குளுக்கோஸ் 50 கிராம். ஆனால் இழுக்கும் வலிமை ஏறக்குறைய ஒன்றே. குளுக்கோஸ் மூலக்கூறு உப்பைவிட மூன்று மடங்கு கனம். உப்போ இரண்டாக வேறு உடைந்துகொள்கிறது. கிளீவ் வழியனுப்பி வைத்த கோட்பாட்டை நோயாளிகளின் நரம்பில் தினமும் ஏற்றுகிறோம்.

அப்புறம் ஒரு புத்திசாலி கேள்வி கேட்டாக வேண்டும் அல்லவா: உப்பு தண்ணீரை இழுக்கிற வலிமைக்கு மேல் நாம் எதிர்ப்பக்கம் தள்ளினால்? கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், அதன் இழுப்பு 27 வளிமண்டல அழுத்தத்துக்கு அருகில். அதைத் தாண்டித் தள்ளினால் தண்ணீர் உப்பைக் கைவிட்டுத் திரும்பி வரும். தத்துவம் சுலபம், சவ்வுதான் மறுபடியும் தகராறு. கிடைத்த சவ்வுகள் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகவே விட்டன. 1950களின் கடைசியில் லாஸ் ஏஞ்சலிஸில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோயபும் ஸ்ரீநிவாச சௌரிராஜனும் (பெயரைக் கேட்டதும் திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நினைவுக்கு வந்தால் தவறில்லை) செல்லுலோஸ் அசிடேட்டில் ஒரு சவ்வை உருவாக்கினார்கள். ஒரு முகத்தில் படு மெல்லிய அடர்ந்த தோல், மறுமுகம் துளைகள் நிறைந்த தாங்கி. தண்ணீர் பல மடங்கு வேகத்தில் வந்தது. தோல் முகத்தை உப்புத் தண்ணீர் பக்கம் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் காரியம் கெட்டது. 1965-ல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்ற ஊர் இந்த முறையில் சுத்தம் செய்த தண்ணீரைக் குடித்தது. 2010-ல் மீஞ்சூரிலும் 2013-ல் நெம்மேலியிலும் வங்காள விரிகுடாவையே இப்படித் தள்ள ஆரம்பித்தார்கள், ஒவ்வொரு இடத்திலும் நாளுக்கு 10 கோடி லிட்டர் நல்ல தண்ணீருக்காக.

இன்றைக்கு அதே தத்துவம் சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. மெஷினாகத் தொங்குகிறது. மூத்திரப்பையில் ஆரம்பித்து, பானைக்கு மாறி, நாலு பேராசிரியர்களின் மானத்தை வாங்கி, உப்பைத் தண்ணீரிலிருந்து ஒருவழியாகப் பிரித்தாயிற்று. குடித்துப் பார்த்தவர்கள் தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றார்கள். ஆகவே கம்பெனிக்காரர்கள் மெஷினின் கடைசியில் இன்னொரு குப்பியை மாட்டி, எடுத்த உப்பில் கொஞ்சத்தைத் திரும்பப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்குத் தனி விலை.